கார் பேட்டரி சார்ஜ் ஆகவில்லையா? மாற்றும் முன் அளந்து பாருங்கள் – கேள்வி பதில்

கேள்வி (கோயம்புத்தூர்): புதிய பேட்டரி போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி விற்றவர், என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்கிறார். மெக்கானிக் பேட்டரியைக் குறை சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: அளக்காமல் சொல்லியிருந்தால் இருவரையும் நம்ப வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், பேட்டரியின் இரு டெர்மினல்களுக்கும் இடையே 12.6 வோல்ட் இருந்தால் அது முழு சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பிறகு என்ஜினை இயக்கி அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் முழுதாகப் போட்டு, என்ஜினை 2000 ஆர்பிஎம் அளவில் வைத்திருக்கும்போது அது 13.5-க்குக் கீழே போகக் கூடாது.

போனால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சம்மதித்துவிடாதீர்கள். பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. எல்லா விளக்குகளும் எரிய, என்ஜின் ஓட, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள் சேரும் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். பெல்ட்டிலும் விசிறியிலும் கையோ ஒயரோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ, அதன் இணைப்பிலோ, வழியிலுள்ள பெரிய ஃபியூஸிலோ தடை இருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உலோக உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் இருந்தால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டில் துரு ஏறியிருப்பது நம் கடலோர ஊர்களில் அடிக்கடி காண்பது. இதை ஓம் அளவில் வைத்துச் சோதித்துவிட்டு “கேபிள் நன்றாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் உண்டு. மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்புவதால், 0.02 ஓம் தடையை அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே இணைப்பில் 50 ஆம்பியர் ஓடும்போது முழுதாக ஒரு வோல்ட் வீணாகிறது. ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்தும் பேட்டரிக்கு 13.2 மட்டுமே சேர்ந்தால், எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் நிறையாது.

கேள்வி (திருநெல்வேலி): பழைய பெட்ரோல் கார். சாவியைத் திருப்பும்போது பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் சார்ஜ் தொடங்குகிறது.

பதில்: உங்கள் காலத்து வண்டிகளில் அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை மட்டுமன்று. ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குத் தொடக்கக் காந்தசக்தி தரும் மின்னோட்டம் அதன் வழியாகவே செல்கிறது. பல்பு போயிருந்தால், இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத்தை நம்பி, வேகமாகச் சுழன்ற பிறகே உற்பத்தி தொடங்கும். ஆல்டர்னேட்டரின் பிளக்கைக் கழற்றி, சாவி போட்ட நிலையில், பேட்டரி விளக்கின் ஒயரை ஒரு சிறு டெஸ்ட் லாம்ப் வழியாக எர்த் செய்து பாருங்கள். பேட்டரி விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் சரி. சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்ததையோ, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ சந்தேகிக்கலாம். பல ஆல்டர்னேட்டர்களில் இவை இரண்டையும் தனியே மாற்ற முடியும், முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவையில்லை.

கேள்வி (திருச்சி): வோல்ட் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. ஸ்டீரியோவில் என்ஜின் வேகத்துக்கேற்ப இரைச்சல் கேட்கிறது.

பதில்: ஆல்டர்னேட்டரின் மாறுமின்சாரத்தை பேட்டரிக்கேற்ற ஒருதிசை மின்சாரமாக மாற்றும் டயோடுகளில் ஒன்று பழுதாகியிருக்கலாம். மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம் உறுதியாகும்.

கேள்வி (சென்னை): ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. நான்கு நாள் வெளியூர் போய்வந்தால் பேட்டரி இறந்துகிடக்கிறது.

பதில்: நின்ற வண்டியில் மின்சாரம் கசிகிறது. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களிலுள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளைத் தாங்காது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, மூடியதாக வண்டியை நம்பவைத்து, சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, குறைந்தது 40 நிமிடம் பொறுத்திருங்கள்; வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும் முன் எடுத்த அளவுக்குப் பொருளில்லை. அதன்பின் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் உள்ள இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லி வோல்ட் அளப்பது மேல், ஏனெனில் பிடுங்கிச் செருகினால் உறங்கிய பெட்டிகள் விழித்துக்கொள்ளும். எந்த ஃபியூஸில் மில்லி வோல்ட் தெரிகிறதோ அந்த வழியில் மின்சாரம் ஓடுகிறது. டிக்கி விளக்கு, பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எந்த ஃபியூஸிலும் அகப்படவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு வழியாகவே கசியலாம்.

கேள்வி (சேலம்): என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றினால், வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஊர் மெக்கானிக் சோதிக்கிறார். சரியா?

பதில்: தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி திடீரென விலகும்போது ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். அது இசியூவையும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டயோடுகளையும் எரித்துவிடலாம். சோதனைக்கு மேலே சொன்ன மீட்டர் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு): புதிய கார். நெடுஞ்சாலையில் ஓடும்போது 12.8 வோல்ட் மட்டுமே காட்டுகிறது.

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. எரிபொருளைச் சேமிக்க, இப்போதைய பல கார்களில் இசியூவே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் உற்பத்தியைக் குறைத்து, காலை எடுத்து வேகம் குறையும்போது 14.5-க்கு மேலும் ஏற்றும். ஹெட்லைட்டைப் போட்டுச் சில நிமிடம் கவனியுங்கள். அளவு உயர்ந்தால் ஒழுங்காக இயங்குகிறது. உயராவிட்டால், நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரி சென்சார் உள்ள கார்களில் ஸ்கேனர் போட்டு அதன் பழுதுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது, பக்கங்களும் உப்பியிருக்கின்றன.

பதில்: என்ஜினை உடனே நிறுத்துங்கள்; பானெட்டைத் திறந்து காற்றோட விட்டு, தீப்பொறி எதுவும் அருகில் வராமல் பாருங்கள், ஏனெனில் அந்த வாடையோடு வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் வெளியேறுகிறது. அந்த பேட்டரியை இனிப் பயன்படுத்த முடியாது. காரணம் இரண்டில் ஒன்று. ஓய்வு நிலையில் 10.5 வோல்ட் அளவில் இருந்தால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகி, மற்ற ஐந்தும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகியிருக்கின்றன. அப்படி இல்லையென்றால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். எப்படியானாலும், புதிய பேட்டரி போட்டதும் என்ஜினை இயக்கி அளந்து பாருங்கள்; 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.