ஓட்டை விளக்குக்கு எத்தனை யூரோ?

கே: மாட்ரித்தில் ஒரு கடையில் துளைபோட்ட தொங்கு விளக்கு வாங்கினேன். 1950களின் அசல் பித்தளை என்று பில்லிலேயே எழுதி 280 யூரோ வாங்கினார்கள். வீட்டில் காந்தம் வைத்தால் ஒட்டுகிறது.

ப: ஒட்டினால் இரும்புத் தகடு, மேலே முலாம். என் சமையலறையிலும் இப்படியொரு ‘பித்தளை’ தொங்குகிறது. காசைக் கொடுத்த பிறகுதான் நானும் காந்தத்தைத் தேடினேன். உங்களிடம் பில்லாவது இருக்கிறது. ஸ்பெயினில் கடைக்காரர் விற்கும் பழைய பொருளுக்கும் குறைந்தது 1 வருடச் சட்டப் பொறுப்பு உண்டு. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் கடையிலேயே அரசுப் புகார்த் தாள் கேளுங்கள், கொடுத்தே ஆகவேண்டும்.

கே: விளக்கு 1958-ல் செய்தது என்கிறார் கடைக்காரர். தகட்டிலேயே சிஇ (CE) என்ற ஐரோப்பியத் தரக் குறி அச்சாகியிருக்கிறது.

ப: 1958-ல் அந்தக் குறியே கிடையாது.

கே: நான் பார்த்த துளை விளக்கில் முத்திரை எதுவும் இல்லை. ‘மத்தேகோ’ என்று 1,200 யூரோ சொல்கிறார்கள். நம்பலாமா?

ப: இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். மத்யூ மத்தேகோ ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வேலை பார்த்தவர். துளைத் தகட்டைத் துணிபோல மடித்துப் பேர் வாங்கினார். அதற்காக, ஸ்பெயினில் பரணிலிருந்து இறங்கும் ஓட்டைத் தகடெல்லாம் அவர் கைவேலையா? சிலர் ஸ்பானியக் கட்டடக் கலைஞர் கொதெர்க் என்று உள்ளூர்ப் பெயரை ஒட்டுவார்கள். அவருடைய 1957 திசா விளக்கு மெல்லிய மரத் தகடுகளால் ஆனது, ஐயா! பெயருக்கென்று தனி விலை கேட்டால் பழைய கேட்லாக்கையோ பில்லையோ காட்டச் சொல்லுங்கள். இல்லையா, பெயரில்லாத விளக்கின் விலைதான். அப்புறம், துளையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அச்சில் குத்திய துளை ஒரு பக்கம் வழவழப்பாக உள்வாங்கியிருக்கும், மறுபக்கம் பிசிறு நெருடும். லேசரில் வெட்டியது இரு பக்கமும் நேராக இருக்கும், அது புதுசு. குத்திய துளை என்பதாலேயே பழசு என்று குதிக்க வேண்டாம், இன்றும் தகட்டைக் குத்துகிறார்கள்.

கே: விளக்கின் படம் அழகாக இருந்ததால் வாங்கிவிட்டேன். வந்தது வெறும் 14 செ.மீ. விட்டம்.

ப: நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே அளவு இருக்கிறது. ஆன்லைனில் கடையிடம் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் திருப்பலாம். தனியாளிடம் என்றால், கழிப்பறைக்கு நல்ல விளக்கு.

கே: 125 வோல்ட் காலத்து விளக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா? தொட்டால் லேசாக விறுவிறுக்கிறது.

ப: டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இன்றைய வோல்ட்டுக்கான பல்பு போதும். விறுவிறுப்பதைக் கடைசி வரியிலா எழுதுவது? முதலில் மெயினை அணையுங்கள். கூடு உலோகம், உள்ளே வயர் இற்றுப்போயிருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து வயரையும் ஹோல்டரையும் மாற்றி எர்த் கொடுங்கள். அதுவரை விளக்கு அலமாரி மேல் இருக்கட்டும்.