மணலுக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: என் ஜீப்பின் கதவோரத்தில் டயர் காற்று 35 பி.எஸ்.ஐ. என்று ஒட்டியிருக்கிறது. மணலிலும் மண்பாதையிலும் ஓட்ட அதே அளவு போதுமா?

பதில்: தார்ச்சாலைக்கு அதுதான் சரி. மணலுக்கு அது ரொம்ப அதிகம்! முதன்முதலில் 35-ஐ வைத்துக்கொண்டே மணலில் இறங்கினேன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டியது. ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்த பிறகுதான் காற்றை இறக்கத் தோன்றியது. 18-க்கு வந்ததும் வண்டி தானாக ஏறி வந்துவிட்டது.

காற்று குறைந்தால் டயர் தரையில் பதியும் இடம் நீளும். எடை பரவுவதால் புதைவது குறையும். பலரும் டயர் அகலமாகிறது என்று நினைக்கிறார்கள், ஆனால் நீளம்தான் அதிகம் கூடும். சரளை, மண்பாதைக்கு 25 முதல் 28 வரை வைப்பேன். கூரான பாறைகளில் கவனம்: காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், கல் அங்கேதான் கிழிக்கும். சாதாரண ரிம் (டயரை மாட்டும் உலோக வளையம்) என்றால் 15-க்குக் கீழே நான் போவதில்லை. சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

அளவெல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தவை. சுமை அதிகமென்றால் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்பக் காற்றடிக்கக் கையில் சின்ன கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். குறைந்த காற்றில் தார்ச்சாலையில் விரட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.