தர்மா குமாரின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஞ்சை வட்டார நிலவுடைமை பற்றி ஆய்வு செய்கிறேன். எதைப் புரட்டினாலும் பொருளாதார வரலாற்றாளர் தர்மா குமாரின் பெயர் வந்துவிடுகிறது. நிலமற்ற கூலிகளை உருவாக்கியது வெள்ளையர் ஆட்சியல்ல என்று சொல்லி அதற்கு வக்காலத்து வாங்கியவர் என்கிறார்கள் சிலர். அறுபது வருடப் பழைய நூலை இன்றும் படிக்க வேண்டுமா? அவருடைய முறையை ஒரு தாலுகாவுக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்டாயம் படியுங்கள். முடிவுரையை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்களே அதிகம். நீங்கள் அவர் கணக்குப் போடும் பக்கங்களில் நின்று நிதானித்துப் படியுங்கள்.

ரிசர்வ் வங்கியில் பணியாற்றியவர் தர்மா குமார். கேம்பிரிட்ஜில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1965-ல் ‘லேண்ட் அண்ட் காஸ்ட் இன் சவுத் இந்தியா’ என்ற நூலாயிற்று. விவசாயக் கூலிகள் என்றொரு பெரிய வர்க்கமே 19-ஆம் நூற்றாண்டில்தான் உருவானது என்று பொருளாதார அறிஞர் சுரேந்திர பட்டேல் 1952-ல் எழுதியிருந்தார். அதை மறுக்க 1800-ஆம் ஆண்டின் நிலவரம் தெரிய வேண்டும். அன்றைக்குக் குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) கிடையாது. தர்மா குமார் சாதி வழியாகப் போனார். பள்ளர், பறையர், செருமர் போன்ற சாதிகளுக்கு வயல்வேலை பிறப்போடு விதிக்கப்பட்டிருந்தது. மக்கள்தொகையில் இவர்களின் பங்கு சில தலைமுறைகளில் பெரிதாக மாறியிருக்காது என்று கொண்டு, பிற்காலக் குடிக்கணக்கிலிருந்து பின்னோக்கிப் போனார். அடிமைகள் பற்றி கலெக்டர்கள் அனுப்பிய பழைய அறிக்கைகள் துணைச் சான்றாக நின்றன. கிடைத்த விடை: நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொத்த மக்களில் 10 முதல் 15 சதவீதம் இச்சாதியினர்.

இந்தக் கணக்கு எங்கே சறுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இச்சாதிகளில் நெசவும் தோல்வேலையும் செய்தவர்கள் உண்டு, துண்டு நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்தால் எண் கூடிவிடும். பிற சாதிகளில் கூலிக்குப் போனவர்களை விட்டால் குறைந்துவிடும். எந்த ஆண்டின் குடிக்கணக்கிலிருந்து தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 1876–78 பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கியது கூலி மக்களைத்தான். அதனால் 1881-ஐ அடித்தளமாக வைத்தால் அவர்கள் பங்கு குறைவாகத் தெரியும் ஆபத்து உண்டு. உங்கள் தாலுகாவுக்கு 1871-ஐ எடுங்கள்.

‘வக்காலத்து’ என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதல்ல. வெள்ளையர் வருமுன்பே சேரியில் நிலமற்றவர்கள் இருந்தார்கள் என்பது சாதியமைப்பின் மீதான கடுமையான சாட்சியம். பழைய கிராமத்தைப் பொற்காலமாகப் பார்த்தவர்களுக்கு அது கசந்தது. ஆனால் இந்த எண்ணிலிருந்து வாழ்நிலையைப் படிக்க முடியாது. பண்ணையாளுக்கு அறுவடைக் களத்தில் கிடைத்த நெல்லும் குடியிருந்த மனையும் பறிபோனாலும் தலைக்கணக்கு அப்படியேதான் இருக்கும். 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. பண்ணையில் அதனால் என்ன மாறியது என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

தர்மா குமார் பின்னாளில் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராக இருந்தார். ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரெவ்யூ’ இதழை நீண்ட காலம் நடத்தினார். மேக்நாத் தேசாயோடு சேர்ந்து கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதியை 1983-ல் கொண்டுவந்தார். காலனியத்தைக் காணாமலே காலனியப் பொருளாதாரத்தை எழுதியிருக்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் 1985-ல் அத்தொகுதியைக் கடுமையாக விமர்சித்தார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

உங்களுக்கு இன்னும் பயன்படுவது தர்மா குமாரின் 1975-ஆம் ஆண்டுக் கட்டுரை. 1853–54 முதல் 1946–47 வரை சென்னை மாகாணத்தில் நிலம் சிலர் கையில் குவிந்ததா என்பதைப் பட்டாப் புள்ளிவிவரத்திலிருந்து ஆராய்ந்தார். ஏற்றத்தாழ்வு பெரிதாகக் கூடவில்லை என்பது முடிவு. இங்கே கவனம் தேவை. ஒரு மிராசுதாருக்கு மூன்று ஊர்களில் தலா 20 ரூபாய் தீர்வை (நிலவரி) என்று வையுங்கள். ஊருக்கு ஊர் தனிப் பட்டா என்றால் புள்ளிவிவரத்தில் மூன்று நடுத்தரப் பட்டாதாரர்கள் தெரிவார்கள். உண்மையில் 60 ரூபாய் கட்டும் ஒரே ஆள். நான்கு அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டா 60 ரூபாய் என்றால் நேர்மாறு: நான்கு சிறு பங்குகள் ஒரு பெரிய உடைமையாகத் தெரியும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். தவிர, குத்தகைக்கு உழுதவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

ஒரு தாலுகா என்றால், நிலவரியை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கே போய்விடலாம். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ஜப்பானிய வரலாற்றாய்வாளர் ஹருகா யனகிசவா லால்குடிப் பகுதியில் இத்தகைய பதிவேடுகளை வைத்து, பெயர்களின் பின்னொட்டிலிருந்து சாதியைக் கணித்து, நிலம் கைமாறியதைக் காட்டினார். முதலில் பக்கத்து ஊர்ப் பதிவேடுகளையும் சேர்த்து ஒரே ஆளின் பட்டாக்களை ஒன்றாக்குங்கள். தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் ஒரே பெயர் என்பதற்காகச் சேர்க்காமல் ஐயப் பட்டியலில் வையுங்கள். கோயில், மடம் பெயரிலுள்ள நிலத்தைத் தனியே பிரியுங்கள். நஞ்சையையும் புஞ்சையையும் ஏக்கரில் கூட்டிவிடாமல் தனித்தனியாகவே கடைசிவரை கொண்டுபோங்கள்.