வாசகர் கேள்வி: கெபாயா யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கெபாயா என்னும் பெண்களின் மேலாடை தங்கள் நாட்டு உடை என்கிறார் என் இந்தோனேசியத் தோழி. நம் மலேசியாவுடையது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இருவருமே சரி, அம்மா. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் கெபாயா சேர்ந்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்தே விண்ணப்பித்திருந்தன. 2020-இல் பந்துன் கவிதைக்கும் நாமும் இந்தோனேசியாவும் கைகோத்தோம். எனக்கு மனம் நிறைந்த செய்திகள் இவை.

ஜார்ஜ்டவுனில் நியோன்யா கெபாயாவை, அதாவது சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டுப் பெண்களின் கெபாயாவை, எடுத்துப் பாருங்கள். பித்தானே இருக்காது, சங்கிலி கோத்த மூன்று கெரோங்சாங் ஊசிகள்தான் முன்பக்கத்தைப் பிடித்து நிற்கும். ஜாவாவிலோ, மார்பின் நடுவே இருபக்கத்தையும் இணைக்க ஒரு துணித்துண்டு வைத்துத் தைப்பதுண்டு. அப்புறம், தமிழ் வணிகர் வழிவந்த நம் மலாக்கா செட்டிப் பெண்களும் கெபாயா உடுத்துகிறவர்கள்தான். அதையும் தோழியிடம் சொல்லுங்கள்.