மெஷின் இருக்கட்டும், முதலில் அந்த வலது காதைக் காட்டுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. குமாரபாளையத்தில் 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். சர்க்கரை உண்டு. கொஞ்ச வருஷமாகவே காது மந்தம். இப்போதெல்லாம் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்கிறார். சட்டையைக் கேட்டால் தட்டை எடுத்து நீட்டுகிறார். மறதி நோய் ஆரம்பமோ என்று பயமாக இருக்கிறது. காது மெஷின் வாங்கலாம் என்றால் ஆன்லைனில் 1,800 ரூபாய், கடையில் 85,000 ரூபாய். எதை வாங்குவது? மெஷின் போட்டால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும், ப்ளூடூத் மூளையைப் பாதிக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். போன வாரம் காலையில் எழுந்ததிலிருந்து வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்கிறார். சளி அடைப்பு என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டு வருகிறோம்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வலது காது விஷயம்தான் உங்கள் கடிதத்தில் அவசரமானது. பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்கும் தெரியட்டும் என்று இங்கே விவரமாக எழுதுகிறேன்.

ஒரு காதின் கேட்கும் திறன் மூன்று நாளுக்குள் மளமளவென்று இறங்கினால், அதை வயதின் மேலும் தறியின் மேலும் போடாதீர்கள். தறிச் சத்தம் வருஷக்கணக்கில், பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துத்தான் அரிக்கும். ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் கேட்கவில்லை என்றால் உள்காதோ அதன் நரம்போ திடீரென்று செயலிழந்திருக்கலாம். சில சமயம் வெறும் குறும்பியாகவும் இருக்கும். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பி அல்லது சளி. நல்ல காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் நரம்புக் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து மருத்துவர்கள் நாங்கள் பார்ப்பதும் இதைத்தான். முனகலில் எது தெரிந்தாலும் சரி, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்துவிட வேண்டும்.

நரம்புதான் என்றால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்போம், அல்லது செவிப்பறை வழியாக உள்ளே ஊசி போடுவோம். முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சிலருக்குத் தானாகவே திரும்பும். அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்று உட்கார்ந்து பார்க்கிற நேரம் இது இல்லை. மாத்திரையில் சர்க்கரை எகிறும் என்பதால் இதையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பின்னால் ஒரு எம்ஆர்ஐ எழுதுவார்கள். நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். பெரும்பாலும் இருக்காது.

சொட்டு மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. கோளாறு செவிப்பறைக்குப் பின்னால் எங்கோ உள்ளே. முன்னால் விழுகிற சொட்டு அதை எப்படித் தொடும்? அந்தச் சொட்டை நம்பி ஒரு வாரம் போய்விட்டது.

மறதி நோய் பயத்துக்கு வருகிறேன். சத்தத்தில் பழுதாகும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து, அதாவது கீச்சென்ற, ஒலிகளைத்தான் இழக்கும். உயிரெழுத்தின் ஓசை கனமானது, அது கேட்டுவிடும். ச, த, ட, க போன்ற மெய்களின் மெல்லிய உரசல்தான் விழாது. சட்டை, தட்டை, கட்டை, பட்டை நான்கும் அவருக்கு ஒரே சொல். அதனால்தான் 'காது கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல' என்பார்கள். தட்டை நீட்டியதற்குக் காரணம் அநேகமாகக் காதுதான். எழுதிக் காட்டினால் சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். வந்த வழியை மறக்கிறார், பணக் கணக்கில் தடுமாறுகிறார் என்றால் அது வேறு, தனியாகக் காட்டுங்கள். கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் மறதி வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. மெஷினைத் தள்ளிப்போடாமல் இருக்க அது ஒரு காரணம்.

ப்ளூடூத் பயத்தை விட்டுவிடுங்கள். சரியாக அமைத்த மெஷின் கேட்கும் திறனைக் கெடுக்காது. அதிகபட்சச் சத்தத்துக்கு அதில் வரம்பு வைத்திருப்பார்கள். கெடுக்கக்கூடியது அந்த 1,800 ரூபாய் சாமான்தான். அது எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கிற கனத்த ஒலிகள் இன்னும் இரையும், 'ச' அப்போதும் விழாது.

அதற்காக 85,000 கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆடியோகிராமைப் பார்த்து ஆடியோலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கம்ப்யூட்டரில் அமைத்துத் தருகிற டிஜிட்டல் மெஷின், நடுத்தர விலையில் இருந்தாலே போதும். விலையை விட, அதை அமைக்கிறவரிடம் நாலைந்து முறை திரும்பப் போக முடியுமா என்று பாருங்கள். வெளியே தெரியாத குட்டி மெஷின் வேண்டாம். 68 வயதில் விரல் அந்த பேட்டரிக்கு ஒத்துழைக்காது. காதுக்குப் பின்னால் மாட்டுவதே நல்லது, சார்ஜ் போடுகிற வகை கிடைத்தால் இன்னும் சுலபம். வாங்குமுன் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். டீக்கடையில், டிவி ஓடும்போது, பேரன் பேச்சில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். பணம் இடித்தால் அரசு மருத்துவமனையில் சோதித்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல் மாதம் கழற்றி வீசத்தான் பார்ப்பார். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், தட்டு வைக்கிற சத்தம் அறையும். முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும்.

அதுவரை வீட்டில் யாரும் கத்த வேண்டாம். கத்தினால் உயிரெழுத்தின் ஓசைதான் பெருகும். 'சட்டை' இன்னும் குழம்பும். டிவியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, உங்கள் உதடு அவருக்குத் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொல்லுங்கள்.