டீச்சரிடம் கேளுங்கள்: அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள்

கேள்வி: அன்புள்ள டீச்சர், வரும் தை மாதம் என் கணவருக்கு அறுபது வயது நிறைகிறது. திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்யப் பிள்ளைகள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விழா முடிந்ததும் உறவினர்களை அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் தரங்கம்பாடியில் தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மணமாகி 33 வருடங்களில் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் சேர்ந்து போனதில்லை. 'அங்கே என்ன இருக்கிறது? அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு அப்படியே நாகூர், வேளாங்கண்ணி போய் வந்துவிடலாம்' என்கிறார் மைத்துனர். என் கணவருக்கு முழங்கால் வலி வேறு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கூச்சமாகவும் இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: போங்கள். ஓர் இரவாவது தங்குங்கள். வேனையும் மைத்துனரையும் அன்று மதியச் சாப்பாட்டோடு வழியனுப்பிவிடுங்கள்.

கூச்சப்படுகிறேன் என்கிறீர்கள். அன்று காலை உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில், பேரப் பிள்ளைகள் பார்த்திருக்க, மறுபடியும் தாலி கட்டிக்கொள்ளப் போகிறீர்கள். அதை ஊரே வாழ்த்துகிறது. சாயங்காலம் கடற்கரையில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

அரை மணி நேரத்தில் பார்க்கும் விதத்தை நானும் அறிவேன். 1983-ல், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறி, சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குப் போய் இறங்கினோம். மணல் காலைச் சுட்டது. கோட்டையை வெளியிலிருந்து பார்த்தோம், தண்ணீர் தேடினோம், அடுத்த வண்டிக்குத் திரும்பிவிட்டோம். இருவருக்கும் தலைவலி. அதன் பிறகு இருபத்தைந்து வருடம், 'அந்த ஊரா? பார்த்தாயிற்று' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நான் வரலாறு கற்பித்தவள். முப்பது கிலோமீட்டரில் இருந்த ஊரை அப்படி ஒதுக்கிவைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாம் முறை போனபோது ஓர் இரவு தங்கினோம். விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வருவதற்கு முன் என் கணவர், தமக்கு ஒன்பது வயதில் தாய் இறந்ததையும், அஸ்தியைக் கரைக்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பூம்புகார் சங்கமத்துக்குப் போனதையும் சொன்னார். தாய் சிறு வயதில் தவறிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கையைப் பற்றி அதுவரை அவர் சொன்னதில்லை. வீட்டில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை. யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், குக்கர் விசில் அடிக்கும். அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்தக் காலைப்பொழுதுக்காகவே உங்களைத் தங்கச் சொல்கிறேன்.

இனி ஊரைச் சொல்கிறேன். திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். சாப்பிட்டு, லாட்ஜில் ஓய்வெடுத்து, வெயில் தாழ நான்கு மணிக்குக் கிளம்புங்கள். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும் பஸ் இருக்கிறது. பெட்டியோடு போவதால் ஆட்டோ நல்லது. ஆனால் ஆட்டோவைக் கோட்டை வரை விடாதீர்கள். நகர வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை அடித்த அந்த வாசல் 1792-ஆம் ஆண்டினது. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. மேடு பள்ளம் இல்லாத சமதரை, முழங்காலுக்குச் சிரமமில்லை. தெருக்கோடியில் முதலில் வெளிச்சம்தான் தெரியும். பிறகு காற்று வரும். அப்புறம்தான் கடல்.

அந்த வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1718-ல் கட்டி முடித்தது. பீடத்தின் முன்னே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. அச்சு இயந்திரக் கதையைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள்: 1706 ஜூலை 9-ல் இங்கே கரையிறங்கினார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார், 1713-ல் இந்த ஊரில் தமிழ் அச்சேறியது. காகிதத்துக்காகப் பட்டறையே வைத்தார்கள். பொறையார்ப் பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. பாடத்தில் வராத ஒன்றும் உண்டு. இடையில் ஊருக்குப் போனவர் மரியா டொரோத்தேயா என்ற பெண்ணை மணந்து, 1716-ல் அவரோடு இங்கே திரும்பினார். 1719 பிப்ரவரியில், 36 வயதில், இறந்துபோனார். மொழி தெரியாத ஊரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது மூன்று வருடம் கூட நிறையாத வாழ்க்கை. அந்தக் கல்லின் முன் நிற்கும்போது எனக்கு அச்சு இயந்திரத்தைவிட மரியாவின் நினைவே வருகிறது. செருப்பை வெளியில் விட்டுவிட்டுச் சற்று நேரம் உள்ளே உட்காருங்கள்.

கோட்டையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் பத்து மணிக்குமேல்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. விழா வியாழக்கிழமை வந்தால் இதை மனதில் வையுங்கள். டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த ஓவே கெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டு எழுப்பிய கோட்டை இது. நாயக்கர் டேனிஷ் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன, மேல்தளத்தில் ஆளுநரின் அறைகள். படிகள் உண்டு. அவரை அவசரப்படுத்தாமல் ஏற விடுங்கள், மேலே கிழக்குப் பக்கம் நின்றால் வலி மறந்துபோகும். 225 வருடம் வைத்திருந்துவிட்டு 1845-ல் டேனியர்கள் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

கோட்டைக்கு வடக்கே கரையோரம் மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. டேனியர்கள் வருவதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே இது ஒரு பட்டினம் என்பதற்கு அந்தக் கோயில்தான் சாட்சி. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. 'அலைகள் பாடும் ஊர்' என்று வழிகாட்டிகள் சொல்வது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடி என்றால் குடியிருப்பு. ஓசோன் காற்று உடம்புக்கு நல்லது என்றும் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்காற்று நன்றாக இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்றே ஹோட்டலாக இருக்கிறது. வாடகை கூடுதல், ஆனாலும் ஓர் இரவுக்குப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். முடியாவிட்டால் திருக்கடையூர் லாட்ஜிலேயே தங்கி, விடியும்முன் ஆட்டோ பேசிக்கொண்டு வந்துவிடுங்கள். தை மாதம் முகூர்த்த நாட்களில் அங்கே அறை கிடைக்காது, இப்போதே சொல்லிவையுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பொறையாரில் முடித்துவிடுவது நல்லது.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், அலை இழுக்கும். காலையில் படகுகள் திரும்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அவர்களுடைய மீனவக் குப்பத்தில்தான் நுழைந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேமராவோடு வந்து போய்விட்டார்கள்.

நாகூரும் வேளாங்கண்ணியும் அங்கேயே இருக்கும். இன்னொரு முறை போகலாம்.

கேள்வி: டீச்சர், எனக்கு ஆவணியில் திருமணம் நடந்தது. என் மனைவியைப் பூம்புகாருக்கு அழைத்துப்போக நினைத்தேன். 'கண்ணகியும் கோவலனும் பிரிந்த ஊர், புதுமணத் தம்பதி போகக்கூடாது' என்று அம்மா தடுக்கிறார். என்ன செய்ய?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: கோவலன் உயிரை இழந்தது மதுரையில். மதுரைக்கு யாரும் போகாமல் இருக்கிறார்களா? கண்ணகியைப் பொன் என்றும் முத்து என்றும் கரும்பு, தேன் என்றும் அவன் கொஞ்சியது இந்தப் புகாரில்தான்.

பெரிய மாளிகைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய பட்டினம் கடலிலும் மண்ணிலும் போய்விட்டது. 1973-ல் திறந்த ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுவதும் கல்லில் இருக்கிறது. முதல் சிற்பத்திலிருந்து வரிசையாக, மனைவிக்குக் கதை சொல்லிக்கொண்டே நடங்கள். அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தால் அவரைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். பிறகு காவிரி கடலில் சேரும் இடத்துக்குப் போங்கள். குடகிலிருந்து அகண்டு வரும் காவிரி அங்கே சிறு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். மன்னார்குடி வயல்களுக்கெல்லாம் நீர் கொடுத்துவிட்டு மிச்சம் இருப்பதைத்தான் அது கடலுக்குக் கொண்டுபோகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், அதற்குமுன் போய் வாருங்கள்.