நூலகக் கணினி கேள்வி – பதில்: எக்செல்லில் இருந்து கோஹாவுக்கு

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கும் புத்தகப் பட்டியலைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றுவது எப்படி, ஏற்றிய பிறகு ஏன் குழப்பமாக வருகிறது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில்.

எங்கள் அக்சஷன் ரிஜிஸ்டர் (நூல் வரவுப் பதிவேடு) முழுவதும் எக்செல்லில் இருக்கிறது. சிஎஸ்வி என்ற வெற்று அட்டவணைக் கோப்பாகச் சேமித்து, மார்க்எடிட் என்ற மென்பொருள் மூலம் மார்க் (நூல் விவரங்களுக்கான நூலகப் பதிவு வடிவம்) கோப்பாக மாற்றி கோஹாவில் ஏற்றினால் ஆங்கிலப் புத்தகங்கள் ஒழுங்காக வருகின்றன. தமிழ்த் தலைப்புகள் சில சமயம் கேள்விக்குறிகளாகவும் சில சமயம் ஏதோ புரியாத எழுத்துகளாகவும் வருகின்றன. – கல்லூரி நூலகர், திண்டுக்கல்

கேள்விக்குறியும் புரியாத எழுத்தும் வேறு வேறு கோளாறுகள், முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் அந்தக் கோப்பில் தமிழ் இல்லை, போய்விட்டது. எக்செல்லில் சாதாரண 'சிஎஸ்வி' என்று சேமிக்கும்போது அது விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பில் சேமிக்கிறது, அதில் தமிழுக்கு இடம் கிடையாது, அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. அந்தக் கோப்பை என்ன செய்தாலும் தமிழ் திரும்பாது. மூல எக்செல் கோப்புக்குப் போய், சேமிக்கும் வகைகளில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், யுடிஎஃப்-8 என்பது தமிழுக்கும் இடமுள்ள யுனிகோடைச் சேமிக்கும் முறை. லிப்ரே ஆபீஸில் செய்தால் சேமிக்கும்போதே எந்த எழுத்துத் தொகுப்பு என்று கேட்கும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிக்கும் மென்பொருள்தான் அதை வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மார்க் பதிவின் தொடக்கத்திலும் லீடர் என்று 24 எழுத்துகள் உண்டு. பூஜ்யத்தில் இருந்து எண்ணினால் 9-வது இடத்தில் சிறிய 'ஏ' இருந்தால் யுனிகோடு, காலியாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய முறை. மார்க்-8இல் அரபி, ஹீப்ரு, சீனம், ஜப்பானியம், கொரியன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. எனவே மார்க்எடிட்டில் மாற்றும்போது யுடிஎஃப்-8 என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், கோஹாவில் ஸ்டேஜ் செய்யும் (கோப்பை முதலில் தற்காலிகமாக ஏற்றிவைக்கும்) பக்கத்திலும் யுடிஎஃப்-8 என்றே இருக்கட்டும். இரண்டில் ஒன்று மாறினாலும் இதே தொல்லைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்க் வடிவம் 1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியெட் ஆவ்ரம் தலைமையில் காந்த நாடாக்களுக்காக உருவானது. பதிவின் நீளத்தை ஐந்து இலக்கத்திலும் ஒவ்வொரு புலத்தின் (தலைப்பு, ஆசிரியர் போன்ற ஒரு விவரப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றிலக்க எண் உண்டு) நீளத்தை நான்கு இலக்கத்திலும் எழுதுவார்கள், அதாவது ஒரு புலம் 9,999 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், யுடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், 'கோ' என்ற ஒரே எழுத்துக்கு ஆறு. தொகுப்பு நூல்களின் உள்ளடக்கத்தை 505 என்ற உள்ளடக்கப் புலத்தில் முழுதாகத் தட்டச்சு செய்கிற நல்ல நூலகர்கள்தான் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அந்த உழைப்பை வெட்டிக் குறைக்காதீர்கள். அப்படிப்பட்ட பதிவுகளை மார்க்எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுங்கள், அதில் இந்த வரம்பு இல்லை, கோஹா அதையும் வாங்கிக்கொள்ளும்.

தமிழ் சரியாக ஏறிவிட்டது. பதிவைத் திறந்தால் அழகாகத் தெரிகிறது. ஆனால் தேடல் பெட்டியில் தமிழில் தட்டச்சு செய்தால் எதுவுமே வரவில்லை! – பொறியியல் கல்லூரி உதவி நூலகர், கோயம்புத்தூர்

இது இறக்குமதிக் கோளாறு அல்ல, தேடுபொறி அமைப்பு. கோஹாவோடு வரும் ஜீப்ரா தேடுபொறி இயல்பாக லத்தீன் எழுத்துகளுக்கான முறையில் சொற்களைப் பிரிக்கிறது. அதை ஐசியூ என்ற, யுனிகோடு மொழிகளுக்கான முறைக்கு மாற்ற வேண்டும். ஜீப்ராவின் அமைப்புக் கோப்பில் சொற்களுக்கான பழைய எழுத்து வரைபட வரியை நிறுத்திவிட்டு ஐசியூ வரியைச் சேர்ப்பார்கள், அப்புறம் மொத்த இண்டெக்ஸையும் (தேடுவதற்கான சொல் அட்டவணை) புதிதாகக் கட்டச் சொல்வார்கள். சர்வர் பார்த்துக்கொள்பவரிடம் "ஜீப்ராவை ஐசியூவுக்கு மாற்றி முழு ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள்" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். ஜீப்ராவுக்குப் பதில் எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதற்கான ஐசியூ செருகி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் தேடக் கிடைக்காத தமிழ் நூலுக்குப் பதிவு இருந்தும் பயனில்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிகள் ஐந்து தனித்தனிப் புத்தகங்களாக வந்துவிட்டன. பொருத்த விதியில் (ஒரே நூல்தானா என்று கோஹா ஒப்பிடும் விதி) ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணைக் கொடுத்துத்தான் ஏற்றினேன். – மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

விதி சரி, ஆனால் அது வேலை செய்யும் இடம் வேறு. கோஹா கோப்பை ஸ்டேஜ் செய்யும்போது அதில் உள்ள பதிவுகளை ஏற்கெனவே அட்டவணையில் இருப்பவற்றோடுதான் ஒப்பிடுகிறது, அதே கோப்புக்குள் இருக்கும் இன்னொரு வரியோடு ஒப்பிடாது. உங்கள் எக்செல்லில் ஒரு பிரதிக்கு ஒரு வரி, எனவே ஐந்து வரியும் "இது புதுசு" என்று உள்ளே போய்விட்டன.

இரண்டு சுற்றாக ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எக்செல்லைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு நூலுக்கும் முதல் பிரதியை மட்டும் ஒரு கோப்பாகப் பிரித்து முதலில் ஏற்றுங்கள், இண்டெக்ஸ் ஆகட்டும். மீதிப் பிரதிகளை இரண்டாவது கோப்பாக்கி, பொருந்தினால் 'வரும் பதிவை விட்டுவிடு', பிரதிகளை மட்டும் 'எப்போதும் சேர்' என்று அமைத்து ஏற்றுங்கள். பிரதி விவரம் எல்லாம் 952 என்ற புலத்தில்தான் இருக்கும், கோஹா அதை மட்டும் எடுத்து முதல் சுற்றில் ஏறிய தலைப்பின் கீழ் வைத்துவிடும்.

ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்ப வேண்டாம். அது சர்வதேசத் தரமாக வந்ததே 1970-இல், அதற்கு முந்தைய தமிழ் நூல்களில் தேடினாலும் கிடைக்காது. பல பாகங்கள் கொண்ட தொகுதிகளில் எல்லாப் பாகத்திலும் ஒரே எண்ணை அச்சிட்டிருப்பதும் உண்டு, அங்கே ஐஎஸ்பிஎன் விதி போட்டால் நான்கு பாகமும் ஒன்றின் தலையில் ஏறிவிடும். எக்செல்லில் நீங்களே ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எண் கொடுத்து, அதை 001 என்ற கட்டுப்பாட்டு எண் புலத்தில் வைத்து, கோஹாவில் அந்தப் புலத்துக்கு ஒரு பொருத்த விதி அமைத்துக்கொள்வது இதைவிடப் பத்திரம்.

ஐஎஸ்பிஎன் நெடுவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை: எக்செல் அதை எண்ணாக நினைத்து 9.78-இல் தொடங்கும் சுருக்க வடிவில் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் காணாமல் போகும். அக்சஷன் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் இப்படித்தான் தொலைகின்றன. தட்டச்சு தொடங்கும் முன்பே இரண்டு நெடுவரிசைகளையும் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

தலைப்புகள் வந்துவிட்டன, கீழே பிரதி ஒன்றுகூட இல்லை. – கிளை நூலகர், விருதுநகர்

952-இல் உள்ள குறியீடுகளைப் பாருங்கள். துணைப்புலம் 'ஏ' நூல் சொந்தமான நூலகம், 'பி' இப்போது இருக்கும் நூலகம், 'ஒய்' நூல் வகை, 'பி' என்றே உச்சரிக்கும் இன்னொரு எழுத்து (ஆங்கில அகரவரிசையில் 'ஓ'வுக்கு அடுத்தது) பார்கோடு. நூலகம், நூல் வகை இரண்டுக்கும் நீங்கள் பெயரை எழுதியிருப்பீர்கள், கோஹா கேட்பது நிர்வாகப் பக்கத்தில் நீங்கள் உருவாக்கிய சுருக்கக் குறியீடு. நூலகக் குறியீடு பொருந்தாவிட்டால் பிரதி ஏறாது, அதனால் குறியீட்டின் பின்னால் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்கோடு ஏற்கெனவே வேறு பிரதிக்கு இருந்தாலும் ஏறாது, ஒரு பார்கோடு ஒரு பிரதிக்குத்தான்.

எங்கள் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. நடுநடுவே ஆங்கிலத் தலைப்புகளும் உண்டு. யுனிகோடு மாற்றியில் போட்டால் ஆங்கிலம் எல்லாம் தமிழ்ப் பிதற்றலாக மாறிவிடுகிறது. – பாடசாலை நூலகப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்

பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழ் வடிவில் வரைந்து காட்டுகிறது. அதனால் எது உண்மையான ஆங்கிலம், எது பாமினி என்று மாற்றிக்குத் தெரியாது. ஆனால் எக்செல்லுக்குத் தெரியும், ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருவும் அதில் பதிவாகியிருக்கிறது. தேடு–மாற்று பெட்டியில் 'ஃபார்மட்' வழியாகப் பாமினி எழுத்துருவைத் தேடச் சொல்லி, கிடைக்கும் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். அப்புறம் நிறத்தை வைத்து வடிகட்டினால் தமிழ் வரிகள் தனியாக வந்துவிடும், அவற்றை மட்டும் என்எச்எம் கன்வர்ட்டரில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இதைச் சிஎஸ்வி ஆக்கும் முன்பே செய்ய வேண்டும், சிஎஸ்வியில் எழுத்துரு விவரம் இருக்காது.

மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க வேண்டியது மூன்று. சொல்லின் நடுவே தனியாகத் தொங்கும் கொம்பு இருக்கிறதா. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து இருக்கிறதா, 'ஒளவை' என்று தட்டச்சாகியிருந்தால் 'ஔவை' என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்திருக்கிறதா. மூன்றாவது தான் அதிகம், திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் பிடிபடாது, மெதுவாகப் பாருங்கள்.

இசட்39.50 (பிற நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுக்கும் முறை) வழியாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருந்து தமிழ் நூல்களின் பதிவுகளை எடுத்தால் தலைப்பு ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளி, கோடுகளோடு வருகிறது. அப்படியே ஏற்றலாமா? – நூலகவியல் மாணவி, சென்னை

அப்படியே வேண்டாம். 1962 முதல் அவர்களுடைய புது தில்லி அலுவலகம் நம் நூல்களை வாங்கி அனுப்பி வருகிறது, பதிவுகளும் கவனமாகச் செய்யப்பட்டவை. ஆனால் அவை பெரும்பாலும் ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன. நம் நூலகத்துக்கு வரும் வாசகர் அந்தப் புள்ளிகளைத் தட்டச்சு செய்து தேடப் போவதில்லை.

அதில் இருந்து பொருள் தலைப்புகள், வகைப்பாட்டு எண், பக்க விவரம், ஐஎஸ்பிஎன் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 880 புலத்தில் தமிழ் வடிவம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தில் தமிழில் உள்ளதை 245 (தலைப்பு), 100 (ஆசிரியர்), 264 (பதிப்பு விவரம்) புலங்களில் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஒலிபெயர்த்த தலைப்பை எறிய வேண்டாம், 246 என்ற மாற்றுத் தலைப்புப் புலத்தில் போட்டு வையுங்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவும். நீங்களே புதிதாக உருவாக்கும் பதிவுகளில் 008-ஐயும் கவனியுங்கள், மொழிக்கான மூன்று இடங்களில் தமிழுக்குரிய 'டி-ஏ-எம்' இருக்க வேண்டும். மாதிரி வார்ப்புருவில் ஆங்கிலம் என்று இருந்தால் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் மொழி வடிகட்டியில் ஆங்கிலம் என்று நிற்கும்.

மு.வ., மு. வரதராசன், வரதராசன் மு., டாக்டர் மு. வரதராசனார் என்று ஒரே ஆசிரியர் நான்கு பேராக நிற்கிறார். ஏற்றிய பிறகு திருத்தலாமா, முன்பேவா? – ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

முன்பே. ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது பல மடங்கு வேலை. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் ஆசிரியர் நெடுவரிசைக்கு ஃபேசட் போட்டால் எல்லா வடிவங்களும் எத்தனை முறை வந்திருக்கின்றன என்ற எண்ணிக்கையோடு வரிசையாக நிற்கும், ஒன்றைத் திருத்தினால் அந்த வடிவம் உள்ள எல்லா வரிகளும் மாறும். 'வரதராசன், மு.' என்று ஒரே வடிவத்தை முடிவு செய்து, மற்றவற்றை ஆசிரியர் அதாரிட்டி பதிவில் (ஒருவரின் பெயர் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பதிவு) 400 புலத்தில் போடுங்கள். 'டாக்டர்', 'பேராசிரியர்', 'கவிஞர்' முதலியவற்றைப் பெயரின் முன்னால் இருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அகரவரிசையில் 'டா'வின் கீழ் பாதி ஆசிரியர்கள் கூடிவிடுவார்கள். புனைபெயரில் எழுதியவர்களுக்கு, நூல் அட்டையில் உள்ள பெயரையே முதன்மையாக வையுங்கள், வாசகர் கேட்டு வருவது அந்தப் பெயரைத்தான்.

தவறாக ஏற்றிவிட்டால் திரும்பப் பெற முடியுமா? – வாசகர், சேலம்

முடியும். ஸ்டேஜ் செய்த கோப்புகளை நிர்வகிக்கும் பக்கத்தில் அந்தத் தொகுப்பைத் திறந்தால் இறக்குமதியை ரத்து செய்யும் பொத்தான் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவற்றை நீக்கும், மாற்றியவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இரவல் கொடுக்கத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

கட்டளை வரியில் பல்க்மார்க்இம்போர்ட் நிரலால் ஏற்றினால் இந்தப் பொத்தான் கிடைக்காது. அந்த நிரலில் 'டி' (ஆங்கில அகரவரிசையில் 'சி'க்கு அடுத்தது) என்று ஒரு விருப்பம் உண்டு, அது புதியதை ஏற்றும் முன் ஏற்கெனவே உள்ள அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். இணையத்தில் கிடைத்த கட்டளையை ஒட்டும்போது அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து, அதை வேறு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகு, முதலில் இருபது முப்பது பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அந்த இருபது முப்பதில் ஒரு தமிழ் நூல், ஓர் ஆங்கில நூல், பல பாகங்கள் உள்ள ஒன்று, ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய நூல், பல பிரதிகள் உள்ள பாடநூல் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். எல்லாம் சரியாக வந்தால் மீதியை ஏற்றுங்கள்.